கரண்ட் நாலு மணி நேரம், கார்ட்டூன் ஆறு நிமிசம்: ரங்கூன்ல ஒரு விண்வெளி தொடரோட முதல் எபிசோட் எடுத்த விதம்

போன கோடை லீவுல நானும் எங்க அக்கா மக்க ரெண்டு பேரும், கோயில்ல தமிழ் வகுப்புக்கு வர்ற பசங்க நாலு பேருமா சேந்து ஒரு ஆறு நிமிச கார்ட்டூன் எடுத்தோம். விண்வெளி கத. தொடரா போடணும்னு ஆச, அதுல முதல் எபிசோட் இது. எடுத்து முடிச்சு இங்க ரங்கூன்லயே அம்பது அறுவது பேருக்கு போட்டும் காட்டியாச்சு. அதுலேருந்து மௌல்மீன் சொந்தக்காரங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு "எப்படி எடுத்தீங்க, எங்க பசங்களும் எடுக்கணுங்கிறாங்க"ன்னு ஒரே கேள்வி, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் ஒரேயடியா எழுதிடறேன்.

மொதல்லயே சொல்லிடறேன், எங்ககிட்ட இருந்தது ரெண்டு பழைய லேப்டாப், ஒரு போன், படம் வரையிற டேப்லெட் ஒன்னு (அதுலயும் பேனா முனை தேஞ்சு போனது), காசு குடுக்காம கிடைக்கிற, கார்ட்டூன் செய்யிற சாஃப்ட்வேர் பிளெண்டர், சத்தத்துக்கு ஆடாசிட்டி. பிளெண்டரா, அது சின்ன பசங்க வெளையாட்டுக்குன்னு ஒரு அண்ணன் சொன்னாரு, 2025ல ஆஸ்கார் வாங்குன ஃப்ளோங்கிற பூனை படமே முழுக்க அதுலதான் செஞ்சதுன்னு காட்டினதும் பேசாம டீய குடிச்சாரு. இது இல்லாம இன்னொரு முதலீடும் உண்டு, பெரிய பெரிய விண்வெளி கார்ட்டூன்களோட முதல் எபிசோட எப்படி எடுத்தாங்கங்கிற திரைக்கு பின்னாடி சமாச்சாரம். எனக்கு இதப் படிக்கிறது ஒரு பைத்தியம். படிக்கப் படிக்க ஒன்னு தெரிஞ்சது, அவங்க பண்ணின கெட்டிக்காரத்தனத்துல பாதி, கையில காசும் நேரமும் இல்லாததால பண்ணினது. இல்லாமைல நம்மள மிஞ்ச யாரு இருக்கா!

கதைல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க கத 2525ல நடக்குது. நம்ம மியோபத் ரயில் இருக்குல்ல, ரங்கூன சுத்தி வர்ற வட்ட ரயிலு, 39 ஸ்டேஷன், ஏறக்குறைய 46 கிலோமீட்டர், ஒரு சுத்து வர மூணு மணி நேரம், அது அப்படியே பூமிய சுத்துது. உள்ள அதே காடை முட்ட, உப்பு மிளகாப்பொடி போட்ட மாங்கா, வெத்தல. டீ விக்கிறது மட்டும் ஒரு ரோபோ, பேரு டம்ளர். ரயில்ல ஏறின ஒரு பொண்ணு அதுகிட்ட மாட்டுது, இதுதான் முதல் எபிசோட். இங்க ஒரு யோசனை: விண்வெளி கதைன்னா பத்து விசயத்த கண்டபடி அடிச்சு விடலாம், ஆனா ஒரே ஒரு விசயத்தையாவது கணக்கா வச்சுக்கங்க, மத்ததெல்லாம் அது மேல சாஞ்சு நிக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்துல ஓடுது, ஒரு சுத்துக்கு ஒன்னரை மணி நேரம். உயரம் கூடக்கூட சுத்த நேரமும் கூடும். அப்ப நம்ம ரயிலு அதே மூணு மணி நேரத்துல சுத்தணும்னா எவ்வளவு உயரத்துல ஓடணும்? மூத்த மருமகன் பத்தாம் வகுப்பு முடிச்சவன், உக்காந்து போட்டான், சுமாரா 4,200 கிலோமீட்டர். அந்த ஒரு நம்பர் கிடைச்சதும் ஜன்னல்ல பூமி எவ்வளவு பெருசா தெரியணும், வெயிலும் இருட்டும் எப்ப மாறணும்னு வரையிற பசங்களுக்கு சண்டையே வரல.

முதல் எபிசோட்ல எல்லாரும் பண்ற தப்ப நாங்களும் பண்ணினோம். ஒன்னரை நிமிசத்துக்கு கம்பீரமா ஒரு குரல், "மனித குலம் பூமியை விட்டு மேலெழுந்து..."ன்னு. சின்னவன்கிட்ட போட்டுக் காட்டுனா எந்திரிச்சு போயி சோறு போட்டுக்கிட்டு வந்தான், வந்து உக்காந்தப்பவும் அந்த குரலு பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தூக்கி எறிஞ்சோம். ஃபியூச்சராமான்னு ஒரு அமெரிக்க விண்வெளி கார்ட்டூன் தெரியும்ல, மேட் கிரேனிங்கும் டேவிட் எக்ஸ். கோஹனும் எழுதினது, முதல் எபிசோட் 1999 மார்ச் 28 ஃபாக்ஸ்ல வந்துச்சு. பீட்சா டெலிவரி பண்ற ஃப்ரை 1999 டிசம்பர் 31 ராத்திரி உறைபெட்டிக்குள்ள விழுந்து ஆயிரம் வருசம் கழிச்சு முழிக்கிறான். அவனுக்கு ஒன்னும் தெரியாது, பாக்கிற நமக்கும் ஒன்னும் தெரியாது, அவன் பேந்த பேந்த முழிக்கிறத பாத்தே நாமளும் அந்த ஊர கத்துக்கிறோம், தனியா யாரும் விளக்க வேண்டியதில்ல. நடுவுல போன அந்த ஆயிரம் வருசத்த எப்படி காட்டினாங்க தெரியுமா, ஒரே ஜன்னல். கேமரா அசையாது. வெளிய நகரம் அழியுது, கோட்டை கொத்தளம் எழும்புது, அதுவும் அழியுது, மறுபடி புது நகரம். பல்லாயிரம் பேரோட சண்டைய வரையாம ஒரு சட்டத்துக்குள்ள சரித்திரத்தையே முடிச்சிட்டாங்க.

அத அப்படியே காப்பி அடிக்காதீங்க, அந்த யுக்திய மட்டும் எடுத்துக்கங்க. நாங்க ரயில் ஜன்னல வச்சோம், தூரத்துல ஷ்வேதகோன் பகோடா. சுத்தியுள்ள கட்டடம்லாம் மாறுது, வயல் வருது, வெள்ளம் வருது, வெள்ளம் வடிஞ்சு கண்ணாடி கோபுரமா முளைக்குது, பகோடா மட்டும் அப்படியே நிக்குது, கடைசியில ரயிலு தரைய விட்டு எந்திரிச்சு பகோடா கீழ போயிருது. மொத்தம் 14 செகண்டு. வரைஞ்சது நாலே அடுக்கு: ஜன்னல் சட்டம் ஒன்னு, பகோடா ஒன்னு, கட்டடம் ஒன்னு, வானம் ஒன்னு. காட்சி அன்னிக்கு அதிகமா கைதட்டு வாங்குனது இதுதான். படம் வரைஞ்சதுல கஷ்டமே இல்லாததும் இதுதான்.

அடுத்தது குரல். குரல மொதல்ல பதிவு பண்ணிட்டு அப்புறமா வரையுங்க. ஜப்பான்ல பெரும்பாலும் படம் முடிஞ்சப்புறம்தான் பேச வைப்பாங்க, அமெரிக்காவுல பேச்ச எடுத்துட்டு அதுக்கு வரைவாங்க, நம்மள மாதிரி கத்துக்குட்டிக்கு ரெண்டாவதுதான் சரி, ஏன்னா பசங்க பேசுறப்ப எழுதாத ஒன்னு வந்து விழும். டம்ளர் ரோபோவா பேசினவன் தும்மிட்டான், அந்த தும்மல வச்சே ரோபோ மூக்குல இருந்து ஆவி வர்ற மாதிரி ஒரு காட்சி வரைஞ்சோம்.

ஆளு பத்தலன்னா கவலப்படாதீங்க. ஃபியூச்சராமால ஃப்ரையும் பேராசிரியரும் டாக்டர் ஸாய்ட்பெர்க்கும் ஒரே தொண்டை, பில்லி வெஸ்ட். 1973 செப்டம்பர் 8ல ஆரம்பிச்ச ஸ்டார் ட்ரெக் கார்ட்டூன்ல ஸ்காட்டியா நடிச்ச ஜேம்ஸ் டூஹன் தன் பாத்திரத்தோட நிறுத்தாம மூணு கை மூணு கால் உள்ள ஒரு அதிகாரிக்கும், வாரத்துக்கு வாரம் வந்து போற ஏகப்பட்ட பேருக்கும் பேசி தள்ளியிருக்காரு. எங்கள்ல எங்க அக்கா மூணு பேரு: டிக்கெட் பரிசோதகர், முட்ட விக்கிற கிழவி, ரயில்ல வர்ற அறிவிப்பு. ஒரு சூட்சுமம் மட்டும், ஒரே ஆளு பேசுற ரெண்டு பேர நேருக்கு நேரா பேச விடாதீங்க, நடுவுல இன்னொருத்தர் குரலு இருந்தா காது ஏமாந்துரும்.

எப்ப பதிவு பண்றதுங்கிறது ரங்கூன்ல தனி சாஸ்திரம். கரண்ட் இருந்தா அத்தன வீட்டுலயும் தண்ணி மோட்டார் ஓடும். கரண்ட் இல்லன்னா கடைக்கு கடை ஜெனரேட்டர். மே பாதிக்கு மேல மழை, தகரத்துல விழுற சத்தத்துக்கு முன்னாடி எந்த ரோபோவும் எடுபடாது. நாங்க கண்டுபிடிச்ச நேரம் ராத்திரி பன்னெண்டரைக்கு மேல, கரண்ட் போன பிறகு, ஜெனரேட்டர் போட்டவனும் தூங்கினப்புறம். போன்ல சார்ஜ் இருந்தா போதும். பாய விரிச்சு, ரெண்டு கனமான போர்வைய தலைக்கு மேல கூடாரமா போட்டு, போன வாய்க்கு நேரா பிடிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல வச்சு பேசணும், இல்லாட்டி ப, ட எல்லாம் படார் படார்னு வெடிக்கும். ஏப்ரல் மாச வெக்கையில போர்வைக்குள்ள, சொல்லவே வேணாம், ரெண்டு வசனத்துக்கு ஒருவாட்டி வெளிய வந்து விசிறிக்கிட்டோம். ஆரம்பத்துல பத்து செகண்டு யாரும் பேசாம சும்மா பதிவு பண்ணுங்க, அந்த வெறும் சத்தத்த காட்டித்தான் ஆடாசிட்டில இரைச்சல கழிக்கணும். கழிக்கிறேன்னு ரொம்ப கழிச்சா குரலு தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும், ரோபோவுக்கு பரவால்ல, பொண்ணுக்கு ஆகாது.

இப்ப வரையிற வேலை, இங்கதான் முக்காவாசி பேரு கைவிடுறாங்க, ஏன்னா கணக்கு தெரியாம இறங்கிடறாங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேமு, அதாவது 24 படம். ஆறு நிமிசம்னா 8,640. எல்லாத்தையும் தனித்தனியா வரையணும்னா அடுத்த தீபாவளிக்கும் முடியாது. ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினா 4,320. மூணுக்கு நிறுத்தினா 2,880. இந்த மூணுக்கு ஒன்னுங்கிற கஞ்சத்தனத்த கௌரவமாக்கினவரு ஜப்பான் கார்ட்டூன்காரரு ஒசாமு தெசுகா. 1963 ஜனவரி 1, ஃபுஜி டீவில ஆஸ்ட்ரோ பாய் முதல் எபிசோட், ஜப்பான்ல வாராவாரம் அரை மணி நேரம்னு வந்த முதல் கார்ட்டூன் தொடர். வாரத்துக்கு ஒன்னு குடுக்கணும், காசு கம்மி. அதனால செகண்டுக்கு எட்டு படம்தான், பேசுறப்ப வாய் மட்டும் அசையும், ஆளு அப்படியே நிப்பான், கண்ணு சிமிட்டுவான், அவ்வளவுதான். பையன் வானத்துல பறக்கிற படத்த ஒருவாட்டி வரைஞ்சு பேங்க்ல போட்ட மாதிரி எடுத்து வச்சுக்கிட்டு, பின்னணி மட்டும் மாத்தி மாத்தி திரும்ப போடுறது. அதுக்கு பேரே பேங்க் முறைதான்.

நாங்களும் ஒரு பேங்க் போட்டோம்: டம்ளர் டீ ஊத்துறது, பொண்ணு திரும்பி பாக்கிறது, கதவு திறக்கிறது, காக்கா பறக்கிறது. (ரங்கூன் கதைல காக்கா இல்லாம முடியுமா, ஃபியூச்சராமால எலிக்கு பதிலா ஊரெல்லாம் ஆந்தை திரியும், எங்க ரயில்ல ஆக்சிஜன் முகமூடி போட்ட காக்கா.) டீ ஊத்துறது மட்டும் படத்துல ஏழுவாட்டி வருது, ஒருத்தரும் கண்டுபிடிக்கல, ஏன்னா ஏழுவாட்டியும் பக்கத்துல வேற ஆள நிக்க வச்சிட்டோம்.

இன்னொரு பழைய தந்திரம், ஹன்னா-பார்பெராங்கிற அமெரிக்க கார்ட்டூன் கம்பெனி ஆளுங்களோடது. அவங்க பாத்திரங்க கழுத்த பாருங்க, கரடின்னாலும் சரி மனுசன்னாலும் சரி, காலரோ டையோ ஏதாவது ஒன்னு இருக்கும். அழகுக்கு இல்ல. கழுத்துல ஒரு கோடு விழுந்துச்சுன்னா தலை தனி படம், உடம்பு தனி படம். உடம்ப அப்படியே வச்சுட்டு தலைய மட்டும் ஆட்டலாம், சேர்மானம் தெரியாது. எங்க பொண்ணுக்கு கழுத்துல துண்டு, பரிசோதகருக்கு உருத்திராட்ச மாலை, கிழவிக்கு அட்டிகை. அட்டிகை வேணாம் ஆச்சி மாதிரி இருக்குன்னு ஒரு பையன் சொன்னான், ஆச்சி மாதிரிதான் இருக்கணும்னுட்டோம். அந்த கம்பெனியோட ஜெட்சன்ஸ்தான் 1962 செப்டம்பர் 23ல ஏபிசி சேனல்ல கலர்ல வந்த முதல் நிகழ்ச்சி, ஆனா அப்ப அநேக வீட்டுல கருப்பு வெள்ளை டீவிதான். பர்மாவுக்கு டீவியே 1980லதான் வந்துச்சு, அது வேற. இதுல நமக்கு என்னன்னா, உங்க படத்தையும் ஒருவாட்டி கலர எடுத்துட்டு கருப்பு வெள்ளையா பாருங்க, யாரு எங்க நிக்கிறாங்கன்னு அப்பவும் தெரிஞ்சா கலர் சரியா போட்டிருக்கீங்க. எங்க பரிசோதகரு முதல்ல சீட்டோட சீட்டா கரைஞ்சு காணாம போனாரு, சட்டைய வெளுப்பாக்கின பிறகுதான் ஆளு தெரிஞ்சாரு.

ரயில கையால வரையாதீங்க. சன்னல், கம்பி, சக்கரம்னு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேர்கோடு போட்டு பைத்தியம் பிடிச்சுரும். ஃபியூச்சராமால வர்ற பச்ச விண்கப்பல கம்ப்யூட்டர்ல முப்பரிமாணமா செஞ்சு, கையால வரைஞ்சது மாதிரியே தட்டையா கலர் குடுத்து மத்த படத்தோட ஒட்டினாங்க, 1999லயே. பிளெண்டர்ல இப்ப ஒரு ரயில்பெட்டி செய்ய ரெண்டு நாள் போதும், ஒரே பெட்டிய எட்டா நகல் எடுத்தா ரயிலு. மேல கிரீஸ் பென்சில்னு ஒரு வசதி இருக்கு, அதுல ஆளுங்கள வரைஞ்சு உள்ள உக்கார வச்சிரலாம்.

ரோபோ நடைக்கு எங்க போனோம்னா, யொக்தே. நம்ம ஊரு கயிறு கட்டின பொம்மலாட்டம். அந்த பொம்ம நடக்கிறத கவனிச்சு பாத்திருக்கீங்களா, கை முதல்ல போகும், உடம்பு அப்புறமா வந்து சேரும், நிக்கிறப்ப சட்டுனு நிக்கும், ஆனா விரலும் தலை உச்சியும் இன்னும் லேசா ஆடிக்கிட்டு இருக்கும். பர்மிய டான்ஸ்காரங்களே அந்த பொம்ம மாதிரி ஆடுறதுக்குன்னு ஒரு ஆட்டம் வச்சிருக்காங்க. டம்ளர நாங்க மூணே படத்துல நடக்க வச்சோம்: கை தூக்கல், சட்டுனு காலு, அப்புறம் நாலஞ்சு ஃப்ரேமுக்கு தலையில உள்ள மூடி மட்டும் ஆட்டம். முதல்ல போன்ல ஒரு பொம்மலாட்ட வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்து குச்சி உருவமா வரைஞ்சுக்கிட்டோம். படத்துல உயிரோட இருக்கிறது அந்த மூடிதான், நான் சொல்லல, பாத்தவங்க சொன்னது.

வாய் அசைவுக்கு ஆறு வாய் வரைஞ்சா தமிழுக்கு தாராளம். ம, ப வுக்கு மூடின வாய். ஆவுக்கு தொறந்தது. ஈ, ஏவுக்கு இழுத்தது. ஓ, ஊவுக்கு குவிச்சது. வவுக்கு பல்லு உதட்டுல பட்டது. மிச்சத்துக்கெல்லாம் பாதி தொறந்தது ஒன்னு. எல்லா எழுத்துக்கும் வாய மாத்தினா மாடு அசை போடுற மாதிரி இருக்கும், மூடுற எழுத்த மட்டும் தவற விடாதீங்க, "அம்மா"ல வாய் மூடலன்னா ஊரே கண்டுபிடிக்கும். டம்ளருக்கு வாயே வைக்கல, ஒரு சிவப்பு லைட்டு, பேசுறப்ப மினுக்கும். சோம்பேறித்தனம்னு சொன்னாலும் சரி.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம், ஒளிச்சு வைக்கிறது. அந்த ஃபியூச்சராமா முதல் எபிசோட்ல ஃப்ரை நாற்காலியோட சாஞ்சு உறைபெட்டிக்குள்ள விழுறான்ல, அந்த நொடியில ஒரு சின்ன நிழலு தெரியும். 1999ல பாத்தவங்களுக்கு அது ஒன்னுமே இல்ல. நாலு வருசம் கழிச்சு 2003ல வந்த எபிசோட்லதான் அது நிப்லருங்கிற குட்டி வேற்றுகிரகப் பிராணியோட நிழல், ஃப்ரை தானா விழல, தள்ளி விட்டிருக்காங்கன்னு தெரியுது. அப்புறம் சுவரு, போர்டுலயெல்லாம் வேற்றுகிரக எழுத்துல ஏதோ எழுதியிருக்கும், ஆங்கில எழுத்துக்கு ஒன்னுக்கு ஒன்னு குறி மாத்தினது. அத ரசிகருங்க சீக்கிரமே உடைச்சு படிச்சுட்டாங்க, அதனால இன்னும் கஷ்டமா, கணக்கு போட்டு கண்டுபிடிக்கிற மாதிரி ரெண்டாவது எழுத்து ஒன்னு கொண்டு வந்தாங்க. கோஹன் இயற்பியலும் கம்ப்யூட்டரும் படிச்ச மனுசன், விடுவாரா.

நாங்க புதுசா எழுத்து கண்டுபிடிக்கல. நம்மகிட்டயே ஒன்னு கிடக்கு, தமிழ் எண்ணு. க மாதிரி இருந்தா ஒன்னு, உ மாதிரி இருந்தா ரெண்டு, எ மாதிரி ஏழு, அ மாதிரி எட்டு. ரயில்பெட்டி, மேடை, டிக்கெட்டு எல்லாத்துலயும் ௧, ௫, ௭ன்னு போட்டோம், வருசம் ௨௫௨௫. பசங்க மொத்த பேரும் இது ஏதோ செவ்வாய் கிரகத்து பாஷைன்னே நெனச்சாங்க, தமிழ்தான்டான்னு சொன்னப்ப நம்பல. இத யாரும் படிக்கப் போறதில்லங்கிற தைரியத்துல இஷ்டத்துக்கு போட்டோம், அது எங்க கொண்டு போயி விட்டுச்சுன்னு கடைசியில சொல்றேன்.

சத்தம் எல்லாம் அடுப்பங்கரைதான். ரயிலோட காத்துக்கதவு, இட்லி குண்டா மூடிய திறக்கிற சத்தம், ஆடாசிட்டில வேகத்த பாதியா குறைச்சது. பூட்டு விழுறது டிபன் கேரியர் கொக்கி. டம்ளரோட காலடி, எவர்சில்வர் லோட்டாவ கவுத்து கரண்டிக் காம்பால தட்டினது, வலது கால் ஓரத்துல இடது கால் நடுவுல. ரயில் ஓடுற சத்தத்துக்கு நிசமாவே மியோபத் ரயில்ல ஒரு சுத்து போயி, கதவோரமா உக்காந்து போன முழங்காலுக்கு கீழ வச்சு பதிவு பண்ணினோம், அத இன்னும் ஆழமா இறக்கினா அடிவயிறு அதிருது. விண்வெளில காத்தில்ல, சத்தம் கேக்காது, அதனால கேமரா ரயிலுக்கு வெளிய போறப்பல்லாம் சுத்த மௌனம் வச்சோம். ஸ்பீக்கர் போயிருச்சுன்னு நெனச்சு ஒருத்தர் எந்திரிச்சு வயர ஆட்டினாரு, இருந்தாலும் அந்த மௌனத்த எடுக்க மாட்டேன்.

கடைசி கண்டம் ரெண்டர் பண்றது, அதாவது செஞ்சு வச்சத கம்ப்யூட்டரு ஒவ்வொரு ஃப்ரேமா முழுப் படமாக்கி குடுக்கிறது. எங்க லேப்டாப்புல ஒரு ஃப்ரேமுக்கு 40 செகண்டு ஆச்சு. 2,880 ஃப்ரேமு, பெருக்கினா 32 மணி நேரம். எங்க பக்கம் ஒரு முறைக்கு நாலு மணி நேரம் கரண்ட் வரும், அதுவும் வரும்னா வரும். பிளெண்டர்ல நேரடியா எம்பி4 வீடியோவா எடுக்கவே எடுக்காதீங்க, நாங்க முதல்வாட்டி அப்படித்தான் போட்டோம், மூணாவது மணி நேரம் கரண்ட் போயி, பேட்டரியும் படுத்து, மிஞ்சினது திறக்கவே திறக்காத ஒரு கோப்பு. பிஎன்ஜி படமா எடுங்க, ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படம், கரண்ட் போனா அந்த ஒரு படம்தான் நட்டம். அவுட்புட் பகுதில ஓவர்ரைட்ட எடுத்து விட்டுட்டு பிளேஸ்ஹோல்டர்ஸ போட்டு விடுங்க. அப்ப மறுபடி ஆரம்பிச்சா முடிஞ்ச படத்தையெல்லாம் தாண்டி விட்ட இடத்துல இருந்து ஓடும், ரெண்டு லேப்டாப்பையும் ஒரே ஃபோல்டருக்கு பூட்டினா ரெண்டும் அடிச்சுக்காம பங்கு போட்டு செய்யும். ஆனா ஒன்னு, கரண்ட் போன நேரத்துல பாதியில நின்ன படம் 0 பைட்டுல காலி கோப்பா கிடக்கும், அத முடிஞ்சதுன்னு நெனச்சு பிளெண்டர் தாண்டிரும். அளவு வாரியா அடுக்கி அந்த காலி கோப்பையெல்லாம் அழிச்சிட்டு அப்புறமா ஓட விடுங்க. இது தெரியாம நடு ராத்திரி ரயிலு கண்ண சிமிட்டுது கண்ண சிமிட்டுதுன்னு ரெண்டு நாள் தேடினோம். ரெண்டர் எஞ்சின் ஈவீ போதும், அந்த பூனை படமே அதுலதான். மூணு ஃப்ரேமுக்கு ஒன்னுன்னு எடுக்க ஃப்ரேம் ஸ்டெப்ப 3ன்னு வைக்கலாம், ரயிலு முழுசா கடந்து போற காட்சிய மட்டும் செகண்டுக்கு 24 ஃப்ரேமையும் எடுங்க, இல்லாட்டி குதிச்சு குதிச்சு போகும்.

போட்டுக் காட்டுறதுக்கு முன்னாடி எழுத்து. பர்மியத்துல கீழ எழுத்து கண்டிப்பா வேணும், இங்க தமிழ் பேசுற பசங்கள்ல பாதிக்கு பர்மியம்தான் கண்ணுல சரளமா ஓடும். தனி கோப்பா வச்சுக்கிட்டு போகாதீங்க, போற இடத்து கம்ப்யூட்டர்ல பர்மிய எழுத்து ஸாஜி முறையா யூனிகோட் முறையான்னு பஞ்சாயத்து வந்து எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வரும், படத்துலயே பதிச்சிருங்க. நாங்க ஒரு கடைல வாடகைக்கு எடுத்த புரொஜக்டரு சிவப்ப மட்டும் காட்டல, டம்ளரோட லைட்டே சிவப்பு, அதனால ரோபோ ஊமையாயிருச்சு. முதல் நாளே வாங்கி போட்டு பாத்திருக்கணும். கடைசி நேரத்துல அந்த லைட்ட மட்டும் மஞ்சளா மாத்தி எடிட்டிங்ல ஒப்பேத்தினோம், பிஎன்ஜியா இருந்ததால முடிஞ்சது.

திரை, நாலு முழ வேட்டி ரெண்டு ஒட்டித் தைச்சது, இஸ்திரி போட்டு இழுத்து கட்டணும், சுருக்கம் விழுந்தா விண்வெளில மடிப்பு தெரியும். கரண்ட நம்பாம பேட்டரி, இன்வெர்ட்டர்லயே முழுசா ஓட்டினோம், நெனச்ச மாதிரியே நாலாவது நிமிசம் தெருவே இருண்டுச்சு, எங்க ரயிலு மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. காட்டுறப்ப நீங்க திரைய பாக்காதீங்க, ஆளுங்க முகத்த பாருங்க. எந்த செகண்டுல பசங்க பக்கத்துல உள்ளவன கிள்ள ஆரம்பிக்கிறாங்கன்னு குறிச்சுக்கங்க. எங்களுக்கு 3:10ல இருந்து 3:45 வரைக்கும் ஒரே கிள்ளு, பரிசோதகரு சட்டம் பேசுற இடம். அத வெட்டி எறிஞ்சாச்சு.

முடிஞ்சு டீ குடுத்துக்கிட்டு இருக்கப்ப பின்வரிசைல இருந்து ஒரு தாத்தா கைய காட்டி கூப்பிட்டாரு. ஒரு காலத்துல மொகல் தெருவு கடையில கணக்கு எழுதினவரு, இப்பவும் கையில பஞ்சாங்கம். "தம்பி, படம் நல்லா இருக்கு, ஆனா அந்த புள்ள டிக்கெட்டுல ஏழாம் மேடைன்னு போட்டிருக்கு, ரயிலு எட்டாம் மேடையிலல்ல நிக்குது"ன்னாரு. எனக்கு டீ தொண்டைலயே நின்னுருச்சு. மூணு மாசம் ஏழு பேரு ஃப்ரேம் ஃப்ரேமா பாத்த படம், ௭க்கும் ௮க்கும் வித்தியாசம் எங்க ஒருத்தருக்கும் கண்ணுல படல. திருத்திடறோம் தாத்தான்னேன். சின்னவன் குறுக்க பூந்து, "திருத்த வேணாம் மாமா, அவ ஏறினது தப்பான ரயிலு"ன்னான். அந்த டிக்கெட்ட அப்படியே விட்டுட்டோம். ரெண்டாவது எபிசோட் இப்ப அதுலதான் ஆரம்பிக்குது, தாத்தாவுக்கும் ஒரு வேசம் இருக்கு, போர்வைக்குள்ள உக்கார மட்டும் மாட்டேங்கிறாரு.